ஈரத்தின்மேல் போட்ட பழி



நம் வாலிபர் ஆராதனைக்கென்று கிடார் ஒன்று வந்த நாள்முதல், ஞாயிறு ஆராதனை முடிந்து நான் அங்கியைக் கழற்றுவதற்குள் இரண்டு மூன்று பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிடுகிறார்கள். பிரசங்கத்தில் ஏதோ ஐயம் போலும் என்று முதல் வாரம் மகிழ்ந்தேன். அவர்கள் கேட்டது கிடாரைப் பற்றி. நான் இளவயதில் சிறிது வாசித்தவன் என்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றுமுதல் இந்த வினாக்களுக்கு ஓய்வில்லை. ஆகவே அவற்றில் சிலவற்றுக்கு இவ்வார மடலில் விடை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். எழுதிக்கொண்டே போகையில், ஒரு வினாவுக்கு நான் பல ஆண்டுகளுக்கு முன் பொய்யான விடை சொன்னவன் என்பதையும் எழுதாமல் இம்மடலை முடிக்க இயலாது என்று கண்டேன்.

பெரும்பாலோர் முதலில் கேட்பது விரல் வலியைப் பற்றி. வலிக்கத்தான் செய்யும். இடக்கை விரல் நுனிகளில் தோல் தடித்துப் போக மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். சனிக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு மறு சனிக்கிழமை வரை தொடாமல் இருப்பவருக்கு அந்தத் தோல் ஒருநாளும் தடிக்காது. நாள்தோறும் கால் மணி நேரம் போதும். இன்னொன்று, வலியில் பாதி தேவையற்ற அழுத்தத்தால் வருவது. ஃப்ரெட் என்னும் அந்தக் குறுக்குக் கம்பிக்குச் சற்றே பின்னால், அதை ஒட்டி விரலை வைத்தால் மெல்லிய அழுத்தமே போதும். இரண்டு ஃப்ரெட்டுகளின் நடுவே வைத்து நெரித்தால் வலியும் மிகும், ஓசையும் கரகரக்கும்.

கம்பியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? நான் பிறந்த தூத்துக்குடியைப் போலவே இந்த ஊரும் கடலை அடுத்தது. உப்புக்காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்தால் இரும்புக் கம்பி சில வாரங்களிலேயே கறுத்துப்போகும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து வைத்தால் அதன் ஆயுள் நீளும். நாள்தோறும் வாசிப்பவர் இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றலாம். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று ஒரு தாயார் கேட்டார்கள். வேண்டாம் அம்மா. அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிடாரை மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டு ஆராதனைக்கு வராதீர்கள். உள்ளிருக்கும் பசை இளகிவிடும். வீட்டில் அதற்கு ஓர் உறை போதும், சமையலறையை ஒட்டிய சுவர் மட்டும் வேண்டாம்.

எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பது சுருதியைப் பற்றி. "ஐயா, இந்தக் கார்டுக்குச் சரியாகச் சேர்த்தால் அந்தக் கார்டில் புளிக்கிறதே, ஏன்?" என்கிறார்கள். இதற்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. கிடாரில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமபங்குகளாக வெட்டப்பட்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் லூட் என்னும் வாத்தியத்துக்கு ஃப்ரெட் வைக்க எளிய கணக்கு ஒன்றைச் சொன்னவர் வின்சென்சோ கலிலேய், விஞ்ஞானி கலிலேயோவின் தகப்பனார். அந்தச் சமபங்கீட்டினால் எந்தச் சுருதியிலிருந்தும் பாட முடிகிறது. அதற்குரிய விலையும் உண்டு. இயற்கையான இனிமையோடு நம் செவி கேட்க விரும்பும் காந்தாரத்தைவிடக் கிடாரின் காந்தாரம் அரைச்சுரத்தில் நூற்றுக்கு 14 பங்கு உயர்ந்து நிற்கிறது. ஆர்மோனியத்திலும் பியானோவிலும் இதே கதைதான். ஆகையால் ஒரு கார்டை மட்டும் தேனாக இனிக்கும்படி சேர்த்தால் அடுத்தது கசக்கும். இது கிடாரின் குற்றமும் அன்று, உங்கள் செவியின் குற்றமும் அன்று.

இந்த விடையைப் பல ஆண்டுகளாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கிடார் எதுவும் முழுச் சுருதியில் நிற்பதில்லை என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

சென்ற ஞாயிறு மாலை நம் சபையின் சகோதரர் ஒருவர் தம் மகனுடன் வீட்டுக்கு வந்தார். அவர்கள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். கிடாரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பையனுக்குப் பதினான்கு வயது. தகப்பனார் துணியை விலக்கினார். கம்பிகள் வந்து கட்டப்படும் அடிப்பட்டையான பிரிட்ஜ், மேல்பலகையிலிருந்து பின்பக்கமாகப் பெயர்ந்து எழும்பியிருந்தது. ஒரு தாளின் விளிம்பை அந்த இடுக்கில் நுழைத்துப் பார்த்தேன். பாதிவரை சென்றது.

"ஐயா, மழைக்காலம் அல்லவா? ஈரம் ஏறித்தான் பெயர்ந்துவிட்டது என்கிறான் பையன். அப்படித்தானா?" என்று கேட்டார்.

பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிடாரைத் திருப்பிப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அகன்ற கழுத்து, தலைப்பகுதியில் இரண்டு நீண்ட பிளவுகள், பிரிட்ஜில் கம்பியை முடிச்சிட்டுக் கட்டுவதற்கான துளைகள். அது நைலான் கம்பிக்கென்று செய்யப்பட்ட கிடார். அதில் பூட்டியிருந்ததோ இரும்புக் கம்பி. முடிச்சு இட வேண்டிய துளைகளின் பின்னால் பித்தளை மணிகள் ஆறும் வரிசையாகப் பளபளத்தன.

வெளியே பார்ப்பதற்கு இரண்டும் ஒரே கிடார்தானே என்று தோன்றும். முற்காலத்தில் கிடாருக்கு ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்பையே கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட, 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையில் கம்பி செய்தார். ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஆந்த்ரே செகோவியா அதை உலகமெங்கும் வாசித்துப் பரப்பினார். அந்த நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து கிடாரை இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. இரும்புக் கம்பிகள் ஆறும் இழுப்பது 70 கிலோவுக்கு மேல். நைலான் கிடாரின் மேல்பலகையையும் அதன் அடியில் ஒட்டிய மெல்லிய சட்டங்களையும் இவ்வளவு சுமைக்கென்று செய்வதில்லை. முதலில் பலகை பிரிட்ஜின் பின்னால் மெல்லப் புடைக்கும். கம்பி கழுத்தைவிட்டு உயர்ந்து, அழுத்துவது கடினமாகும். பிறகு பசை விடும்.

இவ்வளவும் எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு அன்று.

1986-ல் எனக்குப் பதினாறு வயது. என் அண்ணன் கப்பல் வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்கத்தாவில் கப்பல் நின்றபோது லால்பஜார் கடைவீதியில் ஒரு நைலான் கிடார் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே இரயிலில் ஊர் வந்து சேர்ந்தார். அடுத்த பயணத்துக்கு அதைக் கொண்டுபோக இடமில்லை. "தம்பி, நீ வாசிச்சுக்கோ. பத்திரமா வச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு அதன் மென்மையான ஓசை பிடிக்கவில்லை. திரைப்பாடல்களில் கேட்ட அந்தக் கணீரென்ற ஒலி வேண்டியிருந்தது. சைக்கிளைப் பழுதுபார்க்க அம்மா கொடுத்த பணத்தில் இரும்புக் கம்பி வாங்கிப் பூட்டினேன். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் நான் தெருவிலேயே பெரிய கலைஞன். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், யாரும் தொடாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கிடாரிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பிரிட்ஜ் கம்பிகளோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும், மரம் மரத்தைத் தொட வேண்டும், அடித்தடத்தை அளந்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பழைய பசையின் மேலேயே ஃபெவிகாலைத் தாராளமாகப் பூசி, பிரிட்ஜை வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி ஏற்றி வைத்தேன். இரவு முழுவதும் அது அங்கேயே இருந்தது. காலையில் ஒட்டியிருந்தது. ஈரப்பசையின்மேல் குழவி சிறிது வழுக்கியிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்ஜ் தன் இடத்தைவிட்டு அரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளி ஒட்டியிருந்தது. இரும்புக் கம்பிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, பழைய நைலான் கம்பிகளையே மறுபடி கட்டினேன்.

அண்ணன் விடுப்பில் வந்ததும் பிரிட்ஜின் ஓரத்தில் வழிந்து காய்ந்திருந்த பசையைப் பார்த்தார். "என்னலே இது?" என்றார்.

"மழை ஈரத்துல பேந்துட்டு அண்ணே. நான்தான் ஒட்டுனேன்" என்றேன்.

அவர் என் தலையைத் தடவி, நல்ல வேலை செய்தாய் என்றார்.

பொய் அத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை நானும் மறந்திருப்பேன். அந்நாளில் சுருதி சேர்க்கக் கருவி ஏதும் எங்களிடம் இல்லை. தடித்த கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தி, அந்த ஓசைக்கு அடுத்த கம்பியைச் சேர்ப்பது, அதிலிருந்து அதற்கடுத்ததை; ஓரிடத்தில் மட்டும் நான்காம் ஃப்ரெட். இதுதான் முறை. பிரிட்ஜ் பின்னால் தள்ளியிருந்தால், அழுத்தும் ஒவ்வொரு சுரமும் சிறிது தாழ்ந்து ஒலிக்கும். அதைக் கேட்டு நேர்மையாகச் சேர்க்கும் அடுத்த கம்பியும் தாழும். ஆறாவது கம்பிக்கு வரும்போது பிழை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கேட்பவர் முகம் சுளிக்கும் அளவாகிவிடும். செவி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு துல்லியமாகப் பிழை சேரும்!

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் பாடகர் குழுவில் அண்ணன் கிடார் வாசிக்க வந்தார். ஒத்திகையில் ஆர்மோனியத்தோடு அது சேரவேயில்லை. மீண்டும் மீண்டும் திருகிச் சேர்த்தார். மூன்றாம் நாள், குழுவை நடத்தியவர் எல்லாருக்கும் முன்பாக, "உனக்குச் செவி இல்லையப்பா, வேறு வேலை பார்" என்று சொல்லிவிட்டார். நான் ஆண்குரல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் கிடாரை அலமாரியின்மேல் ஏற்றி வைத்தார். அதன்பின் அவர் அதை இறக்கி நான் பார்த்ததில்லை. ஆலயத்தில் பாடும்போதும் அவர் குரல் தாழ்ந்தே இருக்கும். எங்கள் வீட்டில், "அவனுக்குச் செவி கிடையாது" என்பது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். கர்த்தர் மன்னிப்பாராக.

உண்மையில் என்ன நடந்தது என்பது அன்று எனக்குப் புரியவில்லை. இறையியல் கல்லூரியில் படிக்கையில் நண்பர் ஒருவர் ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மீட்டினால் மணி ஒலித்ததுபோல் ஓர் ஓசை வரும். பிறகு அங்கேயே அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரிட்ஜ் சரியான இடத்தில் இருக்கிறது. அழுத்திய ஓசை தாழ்ந்திருந்தால் பிரிட்ஜ் பின்னால் தள்ளியிருக்கிறது. விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அலமாரியின்மேல் ஏறினேன். தூசியைத் துடைத்து, சோதித்துப் பார்த்தேன். தாழ்ந்திருந்தது. கிடாரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அப்போது எனக்கு 24 வயது. சொல்லியிருக்கலாம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கித்தாரா என்றொரு வாத்தியம் வருகிறது. நம் வேதாகமத்தில் அதைச் சுரமண்டலம் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கிடார் என்ற பெயரும் அச்சொல்லின் வழிவந்ததே. அதைக் கற்ற வகுப்பில் எனக்கு அண்ணன் நினைவு வந்தது. அதைக்கூட ஒரு கடிதத்தில் அவருக்குச் சுவையாக எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை.

இதையெல்லாம் ஞாயிறு மாலை அந்தத் தகப்பனிடமும் பையனிடமும் சொன்னேன், இங்கே எழுதியிருப்பதைவிடச் சுருக்கமாக. பையனைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பித்தளை மணிகளைப் பற்றியும் பேசவில்லை. நான் முடித்தபின் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பையனே, "அப்பா, கம்பி மாத்துனது நான்தான். ஆன்லைன்ல வாங்குனேன்" என்றான். தகப்பனார் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இதை ஒட்ட எவ்வளவு ஆகும் ஐயா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் போகும்போது கிடாரைப் பையன் கையிலேயே கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மூவருமாகப் பழுதுபார்ப்பவரிடம் போனோம். அவர் முதலில் கம்பிகளைத் தளர்த்தினார். பிரிட்ஜை வெப்பம் காட்டி முழுவதும் கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டினார். கழுத்து முனையிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்து, அங்கிருந்து பின்னோக்கி அளந்து, பென்சிலால் கோடிட்டார். பிறகுதான் பசை. இடுக்கிகள் மூன்றை ஒலித்துளை வழியாக உள்ளே விட்டு இறுக்கினார். இரண்டு நாள் தொடாதே என்று பையனிடம் சொன்னார். அந்தப் பென்சில் கோட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு இரவே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்திருந்தேன். அவர் ஓய்வு பெற்றுத் தூத்துக்குடியில் இருக்கிறார். முழுவதும் சொன்னேன், கம்பி, குழவிக்கல், ஈரம், பன்னிரண்டாம் ஃப்ரெட். இடையில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை "அண்ணே" என்று கூப்பிட்டேன்.

"அப்போ என் காது சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"உங்க காதுல ஒரு குறையும் இல்ல அண்ணே."

"சரி. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டார்.

திங்கள், செவ்வாய், புதன் அழைப்பு இல்லை. நானும் அழைக்கத் துணியவில்லை. வியாழன் காலை அழைத்தார். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்டு வாங்க முயலவில்லை. இதை உங்களுக்கு எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். எழுது, ஆனால் பாடகர் குழுவை நடத்தியவர் பெயரைப் போடாதே, அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அவர் கேட்டதைத்தானே சொன்னார், அவர்மேல் என்ன குற்றம் என்றும் சொன்னார்.

பிறகு, அந்தக் கிடார் இன்னும் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது என்றார். கீழே இறக்கிப் பார்த்தாராம். மேல்பலகை புடைத்திருக்கிறதா என்று நான் கேட்டேன். ஒரு அளவுகோலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அளந்துவிட்டு வந்து, கொஞ்சம் புடைத்திருக்கிறது, ஆனால் விரிசல் இல்லை என்றார். பிரிட்ஜை அரை சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி ஒட்ட உன் ஆள் எவ்வளவு கேட்பார் என்று விசாரித்தார். அடுத்த வாரம் பேருந்தில் கொண்டுவருகிறாராம். வரும்போது நைலான் கம்பி ஒரு செட் வாங்கி வை என்றார். நடுத்தர இழுவிசை உள்ளது போதும், விரல் இப்போது முன்போல் இல்லை.